காதுக்குள் ரீங்காரம், உடலுக்கு வெளியே பயணம்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. விடியற்காலையில் தியானத்தில் உட்காரும் பழக்கமும் நெடுநாளாக உண்டு. காதில் இரைச்சல் என்று சோதனைக்கு வருகிறவர்களில் சிலர், ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தச் சத்தத்தையே உத்துக் கேட்டா உடம்பை விட்டு வெளிய போகலாமாமே, நெசமா?" என்று கேட்கிறார்கள். தியானத்துக்கு வருகிறவர்களோ, "நாதம் கேட்க ஆரம்பிச்சிட்டு, அடுத்து என்ன செய்யணும்?" என்பார்கள். தியானத்தில் உள்ளே கேட்கும் ஓசையைத்தான் அவர்கள் நாதம் என்பது. இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில் இது என்ன சமாச்சாரம்?

அமைதியான இடத்தில் மல்லாந்து படுத்து, காதுக்குள் இயல்பாகக் கேட்கும் மெல்லிய 'கொய்ங்' சத்தத்தில் மனத்தை வைப்பது. உடம்பு தூங்கிவிடும், மனம் மட்டும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கும். சத்தம் பெருகும், உடம்பு அதிர்வது போலிருக்கும், கடைசியில் உடலை விட்டு எழுந்து மிதப்பது போன்ற அனுபவம் வரும். செய்கிறவர்கள் சொல்லும் வரிசை இதுதான்.

அனுபவம் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சத்தம்தான் கதவைத் திறக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வேலையைச் செய்வது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இருக்கும் அந்த ஒடுக்கமான நேரம். கொடி படரக் கொம்பு நடுகிற மாதிரி, அந்த நேரத்தில் மனம் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள இந்தச் சத்தம் உதவுகிறது, அவ்வளவுதான். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த நிலைப்பாட்டில் நின்று சொல்பவை.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லையே?

கேட்கும். உங்கள் வீட்டு ஃபேன் அதை மூடிவைத்திருக்கிறது. நடுராத்திரியில் கரண்ட் போய் ஃபேன் நின்றதும், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜும் அடங்கியதும், ஒரு நிமிடம் அசையாமல் படுத்துப் பாருங்கள்.

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். காதில் குறை எதுவும் சொல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் தனித்தனியாக உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்குள் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள். ரீங்காரம், இரைச்சல், வண்டுச் சத்தம் என்று ஆளுக்கொன்று. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் சோதனை அறையிலும் இதைத் தினமும் பார்க்கிறேன். கனத்த கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் இன்னும் ஒரு ஒலியையும் அனுப்பியிருக்க மாட்டேன், உள்ளே விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எரியும். அவருடைய காதே ஒலிக்கிறது. அதையும் சோதனை ஒலி என்று நினைத்து அழுத்துகிறார். அப்படிப்பட்டவர்களுக்கு நீண்ட ஒலியை விட்டுவிட்டு, துடித்துத் துடித்து வரும் ஒலியைக் கொடுத்துச் சோதிப்போம். அப்போது இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

உள்காதில் நத்தை ஓடு வடிவில் ஒரு குழல் சுருண்டு கிடக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். வெளியிலிருந்து வரும் அதிர்வை நரம்புக்கு உரிய மின்குறியாக மாற்றுவது இவைதான். வயதாலோ, பேரிரைச்சலாலோ, சில மருந்துகளாலோ இவற்றில் ஒரு பகுதி செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை. அந்தப் பகுதியிலிருந்து தகவல் குறையும்போது மூளை தன் பக்கத்தில் ஒலியளவைக் கூட்டிவைத்துக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பின் இரைச்சலே நமக்குச் சத்தமாகக் கேட்கிறது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். அதனால்தான் பலருக்கும் எந்தச் சுருதியில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறதோ ஏறக்குறைய அதே சுருதியில் ரீங்காரம் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "காது கிழியுது" என்று வருகிறவரிடம் அவர் கேட்கும் இரைச்சலுக்கு ஈடான ஒலியைக் கருவியில் தேடிப் பொருத்தினால், பெரும்பாலும் அது அவருக்குக் கேட்கத் தொடங்கும் அளவுக்குச் சில டெசிபெல் (ஒலியளவின் அலகு) மேலேதான் நிற்கும். சத்தம் சின்னது, அதன் மேல் விழும் கவனமும் பயமும்தான் பெரியவை. கவனம் சத்தத்தைப் பெரிதாக்கும் என்ற இந்த உண்மையைத்தான் தியானக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நோயாளியைப் படுத்துவதும் இதுவேதான்.

கட்டைவிரலால் காதை அடைத்தால் 'உம்ம்' என்று ஒரு உறுமல் கேட்கிறது. அதுதான் நாதமா?

இல்லை, அது உங்கள் கைத்தசையின் சத்தம். தசை இறுகி நிற்கும்போது மெல்ல அதிரும். அந்த அதிர்வு விரல் வழியாகக் காதுக்குள் போகிறது. 1810-லேயே வொலாஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதை எழுதிவைத்துவிட்டார். சோதித்துப் பார்க்க எளிய வழி: முழங்கையை மேசையில் ஊன்றித் தோளைத் தளர்த்தி அடையுங்கள், உறுமல் குறையும். கையை முறுக்கி அடையுங்கள், கூடும். கண்ணை இறுக்கி மூடும்போது சிலருக்குக் கேட்கும் 'குமுகுமு' ஓசையும் நடுக்காதில் உள்ள ஒரு சின்னத் தசை சுருங்குவதால் வருவது.

"குத்தாலத்துல குளிச்சிட்டு வந்ததுல இருந்து வலது காதுல ஓங்கார சத்தம் கேக்கு, அண்ணாச்சி."

காதில் அழுக்கு ஊறியிருக்கும். மெயின் அருவிக்கு நேராகத் தலையைக் கொடுத்து நின்றால் காதுக்குள் தண்ணீர் ஏறி, கிடக்கும் குறும்பி உப்பி அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தம் குறைந்ததும் உள்சத்தம் எடுப்பாகக் கேட்கும். சீசன் முடிகிற நேரத்தில் காதுக்குள் பூஞ்சை பிடித்து அரிப்போடு வருகிறவர்களும் உண்டு. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஓங்காரம் போய்விட்டால் வருத்தப்பட வேண்டாம்.

எண்ணெய் காய்ச்சி விடலாமா?

கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வினை. ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு, எதுவுமே வேண்டாம்.

திருமூலர் சொன்ன பத்து நாதமும் இதுவும் ஒன்றுதானா?

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அந்தப் பட்டியல் வருகிறது: மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகையின் நான்காம் அத்தியாயமும் கடல், முரசு என்று தொடங்கிச் சங்கு, மணி வழியாகக் குழல், வீணை, வண்டு என நுணுகிப் போகும் ஒரு வரிசையைத் தருகிறது. வலது காதில் கேட்கச் சொல்வதும் அந்த நூல்தான்.

சோதனைக்கு வருகிறவர்களிடம் "எப்படிக் கேட்கிறது?" என்றால் அவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இந்தப் பட்டியல்தான். கடல் இரைகிற மாதிரி, சில்வண்டு கத்துகிற மாதிரி, கோவில் மணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்கிற கார்வை மாதிரி. ஆகவே பழைய யோகிகள் கவனித்ததும் காது தானாக எழுப்பும் ஓசையைத்தானோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அதைவிட மேலான ஒன்றை அவர்கள் கேட்டார்கள் என்று நம்புகிறவரோடு வாதாட மாட்டேன். என் கருவியில் அதற்கு முள் கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நூல்களில் நாதம் கேட்பது மனம் ஒடுங்குவதற்காக. உடம்பை விட்டு வெளியே போய் ஊர் சுற்றுவதற்காக அல்ல. கூடு விட்டுக் கூடு பாய்வது தனிச் சித்தியாக, அதாவது யோகத்தால் வரும் தனி ஆற்றலாக, பேசப்படுகிறது. பொதிகையில் அகத்தியரும் சித்தர்களும் சூட்சும உடலில் உலவுகிறார்கள் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் இருப்பதால், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பத்தமடையில் 1887-இல் பிறந்து, மருத்துவம் படித்து, மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போன சிவானந்தர், சித்திகளின் பின்னால் ஓடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்தவர். காதுச் சத்தத்தை உடலை விட்டுப் புறப்பட வழியாக வைப்பது பெரும்பாலும் போன நூற்றாண்டில் மேற்கே கிளம்பியது. 1958-இல் தொடங்கிய தன் அனுபவங்களை 1971-இல் புத்தகமாக எழுதிய அமெரிக்க வானொலித் தொழிலதிபர் ராபர்ட் மன்றோவுக்குப் பிறகுதான் 'அதிர்வு' என்ற பேச்சு இவ்வளவு பரவியது.

சரி, உயிர் உண்மையிலேயே வெளியே போகிறதா?

போவதாக உணர்வது உண்மை. மூளை அதை எப்படிச் செய்கிறது என்பதும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. 2002-இல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும், வலிப்பு நோய்க்காகச் சோதனையில் இருந்த ஒரு பெண்ணின் மூளையில் வலது பக்கம், காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள ஓர் இடத்தை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். மேலேயிருந்து தன் உடம்பைப் பார்ப்பதாக அந்த அம்மாள் சொன்னார். அதிலும் கால்களும் இடுப்புக்குக் கீழும்தான் தெரிந்தனவாம். தூண்டுவதை நிறுத்தினால் அனுபவமும் நின்றது. கண் சொல்வது, தோல் சொல்வது, உள்காது சொல்வது ஆகிய மூன்றையும் சேர்த்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று மூளை கணக்குப் போடும் பகுதி அது. அந்தக் கணக்கு பிசகினால் 'நான்' ஓரிடத்திலும் உடம்பு வேறிடத்திலும் இருப்பதாகத் தோன்றும்.

அப்படியானால் காதுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது அல்லவா?

இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் பக்கத்தில் இல்லை. உள்காதில் கேட்கும் உறுப்பை ஒட்டியே சமநிலை உறுப்பும் இருக்கிறது. மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வது இவை. பிரான்சின் மார்செய் நகரில், தலைசுற்றல் உள்ள 210 நோயாளிகளையும் அப்படி இல்லாத 210 பேரையும் ஒப்பிட்டார்கள். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வில், நோயாளிகளில் நூற்றுக்கு 14 பேர் உடலுக்கு வெளியே இருந்த அனுபவத்தைச் சொன்னார்கள். மற்றவர்களில் நூற்றுக்கு 5 பேர். அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு முதல் அனுபவம் தலைசுற்றல் தொடங்கிய பிறகுதான் வந்தது. மிதப்பது, உருள்வது, அந்தரத்தில் தொங்குவது என்ற உணர்வெல்லாம் சமநிலை உறுப்பின் மொழி. ஒலிக்கிற காதைவிட, சமநிலை பார்க்கிற காதுக்குத்தான் இதில் பங்கு அதிகம்.

எப்படிச் செய்வது? வழி சொல்லுங்கள்.

முதல் விதி, ராத்திரி படுத்ததும் முயலாதீர்கள். அசதியில் சத்தத்தைப் பிடித்த கையோடு தூங்கிப்போவீர்கள். பத்து, பத்தரைக்குப் படுத்து நாலரை, ஐந்து மணி நேரம் நன்றாகத் தூங்குங்கள். மூன்றரை மணிவாக்கில் எழுந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, விளக்கைப் போடாமல் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். போனைத் தொட்டால் கதை முடிந்தது.

பிறகு மல்லாந்து படுங்கள். மெத்தையைவிடப் பாய் நல்லது. பத்தமடைப் பாய்தான் வேண்டும் என்றில்லை, சாதாரணக் கோரைப் பாய் போதும். உடம்பைத் தளர்த்திவிட்டுக் காதைக் கவனியுங்கள். முதலில் தவளை, சுவர்க்கோழி, எங்கோ ஓடும் மோட்டார். அவற்றைத் தாண்டினால் உள்சத்தம் தெரியும். அது இடது பக்கமா, வலது பக்கமா, தலைக்கு நடுவிலா என்று மட்டும் பாருங்கள். ஒன்றின் அடியில் இன்னொன்று கேட்கலாம். அதில் மெலிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உரக்கக் கேட்கவேண்டும் என்று முட்டாதீர்கள். முட்டினால் தாடையும் கழுத்தும் இறுகும், தூக்கம் கலையும்.

கொஞ்ச நேரத்தில் மூக்கு அரிக்கும், எச்சில் விழுங்கத் தோன்றும். விழுங்கிக்கொள்ளலாம், பெரிய பாவம் இல்லை. அப்புறம் மூடிய கண்ணுக்குள் முகங்கள், தெருக்கள், அர்த்தமில்லாத பேச்சுத் துணுக்குகள் வரும். முக்கியமான இடம் இதுதான். அந்தப் படங்களோடு போய்விட்டால் சாதாரணக் கனவு. படங்களை வரவிட்டபடியே சத்தத்தில் ஒரு காதை வைத்திருந்தால், உடம்பு கனத்து, கைகால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும். அதையடுத்து திடீரென்று வேறொரு சத்தம் எழும். கிரைண்டர் ஓடுகிற மாதிரி, கூட்டமாக வண்டு பறக்கிற மாதிரி, தலை முழுவதும். உடம்பெல்லாம் கரண்ட் ஓடுவதாகத் தோன்றும். பலரும் 'என் நாதம் பெருகிவிட்டது' என்று நினைப்பது இதைத்தான். என் கணிப்பில் இவை இரண்டும் வெவ்வேறு. முதலில் கேட்ட மெல்லிய ரீங்காரம் காதின் சமாச்சாரம். இந்தப் பேரிரைச்சல், மூளை கனவுத் தூக்கத்துக்குள் நுழையும்போது எழுப்பும் மாய ஒலி. காதில் ரீங்காரமே இல்லை என்று சாதிக்கிறவர்களும் இந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

அந்த நிலையில் எழுந்திருக்கப் பார்த்தால் நிஜ உடம்பு அசைந்து எல்லாம் கலைந்துவிடும். எழுந்திருக்காமல், ஊஞ்சலில் ஆடுவதை நினையுங்கள், அல்லது பாயிலிருந்து ஒரு பக்கமாக உருள்வதை நினையுங்கள். தசைக்கு வேலை கொடுக்காமல் சமநிலை உணர்வை மட்டும் தூண்டுவது இதன் சூட்சுமம். வாய்த்தால் அறையில் நிற்பீர்கள், அல்லது கூரையோரம் மிதப்பீர்கள்.

வாரத்தில் ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம். தூக்கத்தைத் திருடிச் செய்கிற வேலை இது. மறுநாள் காலையில் நாலுவழிச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டியவர், முதல் நாள் ராத்திரி இதில் இறங்கவே கூடாது.

பிரம்ம முகூர்த்தம் என்பதால்தான் அந்த நேரமா?

தூக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணிச் சுற்றுகளாக வருகிறது. கனவு வரும் பகுதி முன்னிரவில் குறைவு, விடியலை நெருங்க நெருங்க நீளும். விடியலுக்கு முன் எழுந்து உட்காரச் சொன்னவர்கள் இதை அனுபவத்தில் கண்டிருக்கலாம். மார்கழியில் மட்டும் முயல வேண்டாம். மிதக்கத் தொடங்குகிற நேரம் பார்த்துக் கோவில் குழாய் ரேடியோவில் பாட்டு போட்டுவிடுவார்கள்.

"கை கால் அசைக்க முடியல, நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. அமுக்குவானா?"

ஆமாம், பெரியவர்கள் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் உறக்க முடக்கம் என்பார்கள். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை கைகால் தசைகளை அணைத்துவைக்கிறது. மனம் முந்தி விழித்து, தசை பிந்தி விழித்தால் இந்தக் கூத்து. மூச்சை நம் விருப்பப்படி இழுக்க முடியாததால் நெஞ்சில் பாரம். பயத்தில் மூளை அறையில் ஓர் ஆளையும் நிறுத்திவைக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வந்த கணக்கின்படி, பொதுமக்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு. பரீட்சை நேரத்தில் தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம்.

மேலே சொன்ன பயிற்சி இதே நிலையைத் தெரிந்தே வரவழைப்பதுதான். ஆகவே அமுக்குவான் வந்தால் பாதிப் பயிற்சி பலித்துவிட்டது என்று பொருள். பயமாக இருந்தால் கால் கட்டைவிரலை அசைக்கப் பாருங்கள், மூச்சை நீளமாக விடுங்கள். தானாகவே சில நொடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களில் விலகும். தலைமாட்டில் இரும்பு வைத்தால் வராது என்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள், அதில் நஷ்டமில்லை. ஆனால் ஒருக்களித்துப் படுப்பது அதைவிட நன்றாக வேலை செய்யும்.

தூங்கப் போகும்போது தலைக்குள் வேட்டு வெடித்த மாதிரி சத்தம் கேட்டது. ரத்தக்குழாய் வெடித்திருக்குமா?

வலி இல்லை, பேச்சு குழறவில்லை, கைகால் நன்றாக இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். உறக்க வாசலில் சிலருக்கு வரும் தீங்கற்ற ஒலி மயக்கம் அது. அசதியும் மனக்கவலையும் இருக்கும்போது கூடும். உயிர் போகிற தலைவலியோடு வந்தால் அது வேறு. அப்போது உடனே ஆஸ்பத்திரி.

திரும்பி வர முடியாமல் போய்விட்டால்?

போகாது. மூத்திரம் முட்டினாலே வந்துவிடுவீர்கள். செய்கிறவர்களின் குறையெல்லாம் நேர்மாறானது, அரை நிமிடத்தில் கலைந்துவிடுகிறதே என்று.

வெளியே போயிருக்கும்போது பக்கத்து வீட்டில் நடப்பதைப் பார்க்க முடியுமா?

பார்த்ததாகத் தோன்றும். சரிபார்த்தால் சறுக்கும். ஆங்கிலேய உளவியலாளர் சூசன் பிளாக்மோர் 1970-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவியாக இருந்தபோது இந்த அனுபவத்தில் கூரைகளுக்கு மேலே பறந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால், அவர் கண்ட ஓடும் நிஜ ஓடும் ஒன்றாக இல்லை. அந்த அனுபவமே அவரைப் பல்லாண்டு இந்த ஆராய்ச்சியில் தள்ளியது. உயிர் வெளியே போவதில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதயம் நின்று மீண்டவர்களை வைத்து சாம் பார்னியா என்ற மருத்துவர் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. கூரையிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி ஆஸ்பத்திரி அறைகளில் பலகை அடித்து, மேலே படங்களை வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நடந்ததை விவரமாகச் சொன்ன ஒரு நோயாளி இருந்தார், அவர் கிடந்த இடத்தில் பலகை இல்லை.

நீங்களே சோதிக்கலாம். வீட்டில் ஒருவரை ஐந்து இலக்க எண் ஒன்றை எழுதிப் பீரோ மேல் வைக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து அதைப் படித்துச் சொன்னவர் எவரும் இல்லை. பீரோ மேல் இருந்த தூசியைப் பற்றிச் சொன்னவர் உண்டு, அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

ஹெட்செட்டில் 'பைனாரல் பீட்ஸ்' கேட்டால் சீக்கிரம் வருமா?

ஒரு காதில் ஒரு சுருதி, மறு காதில் சற்றே மாறிய சுருதி கொடுத்தால், நடுவே இல்லாத ஒரு துடிப்பு கேட்கும். ஹைன்ரிஷ் டோவே என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டது. மன்றோ இதைத் தன் பயிற்சிகளில் பெரிதாகப் பயன்படுத்தினார். சிலருக்கு மனம் தளர உதவலாம். வெளியே அழைத்துப்போகும் என்று காசு வாங்குகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்பதென்றால் ஒலியளவைக் குறைத்துவையுங்கள். காதில் செருகியபடியே தூங்கவும் வேண்டாம்.

இப்படிக் கவனம் வைத்து வைத்து, இரைச்சல் நிரந்தரமாகப் பெருகிவிடாதா?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் குறைவான பேர்தான் கேட்கிறார்கள். இரைச்சல் புதிதாக வந்து சில மாதங்களே ஆன ஒருவர், அதனால் தூக்கம் கெட்டு அல்லாடுகிற ஒருவர், இந்தப் பயிற்சியைத் தொடவே கூடாது. ஒலியை ஆபத்து என்று மூளை முத்திரை குத்திவிட்டால், அதைப் பொருட்படுத்தாமல் விடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்பது பாவெல் ஜாஸ்திரெபோஃப் 1990-இல் முன்வைத்த விளக்கம். இன்றும் சிகிச்சைகள் அந்த முத்திரையை அழிப்பதைச் சுற்றியே நடக்கின்றன. ராத்திரி மெல்லிய ஃபேன் சத்தம் வைத்துக்கொள்வது, கேட்கும் திறன் குறைந்திருந்தால் கருவி மாட்டுவது, மனநல ஆலோசனை வழியாகப் பயத்தைக் குறைப்பது. இவர்களைப் பார்த்து "உத்துக் கேளுங்க" என்று சொல்வது கொடுமை.

பல வருடமாகச் சத்தத்தோடு சமாதானமாக இருப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. பயமில்லாமல் கேட்கப் பழகியதால் தொல்லை குறைந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் அளவுகோல் இதுதான்: பகலில், வேலை நடுவே, வேண்டாத நேரத்தில் சத்தம் குறுக்கிடத் தொடங்கினால் பயிற்சியை அன்றோடு நிறுத்துங்கள்.

"அம்மன் கொடைக்குப் போயிட்டு வந்தா சத்தம் நல்லா கணீர்னு கேக்கு. அன்னைக்கு ராத்திரியே செஞ்சா பலிக்கும்லா?"

இப்படி ஒரு யோசனை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் பலர் கேட்டுவிட்டார்கள். கணீரென்று கேட்பது உங்கள் மயிர்ச் செல்கள் அடிபட்டதற்கான அடையாளம். கொடைத் திருவிழாவில் நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில், அடுக்கிவைத்த ஸ்பீக்கருக்கு முன்னால் 100 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். தொழிற்சாலைகளுக்காக வகுத்த கணக்குப்படி 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், 100 டெசிபெலில் பாதுகாப்பான நேரம் கால் மணிதான். நடுராத்திரிச் சாமக்கொடைப் பூசை முடியும்வரை அங்கேயே நின்றவர் எத்தனை நாள் பங்கை ஒரே ராத்திரியில் வாங்கியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அந்த 'கொய்ங்' அடங்கும். ஒவ்வொரு கொடைக்கும் இப்படியே என்றால் ஏதாவது ஒரு வருடம் அது அடங்காமலே நின்றுவிடும். மேளக்காரர்களைச் சோதித்தால், கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் சுருதிப் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கி ஏறுவதைக் காணலாம். பேரிரைச்சல் காதில் விட்டுச்செல்லும் தடம் அது. மருந்துக்கடையில் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் சின்னக் காசுக்குக் கிடைக்கும். வாங்கி உருட்டிச் செருகிக்கொண்டு நில்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. அன்று ராத்திரி பயிற்சி வேண்டாம், காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

சாமியாடிகளுக்கு நடப்பதும் இதுதானா?

இல்லை என்றே நினைக்கிறேன். சாமி வருவது மேளமும் கூட்டமும் ஆட்டமும் சேர்ந்து, உடம்பு முழு வேகத்தில் இருக்கும்போது நடப்பது. இது உடம்பு அணைந்து கிடக்கும்போது நடப்பது. அங்கே 'இன்னொருவர் உள்ளே வந்தார்', இங்கே 'நான் வெளியே போனேன்'. இரண்டையும் ஒரே கூடையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

யார் இதைச் செய்யவே கூடாது?

வலிப்பு நோய் உள்ளவர்கள். மனச்சிதைவு, இல்லாத குரல் கேட்பது போன்றவற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள். ஏற்கெனவே தன் உடம்பு தன்னுடையதாக இல்லை என்று பகலிலும் உணர்கிறவர்கள். தூக்கமின்மையால் தவிப்பவர்கள். காதில் கேட்கும் ஒலி ரீங்காரமாக இல்லாமல், பேச்சாக, கட்டளையாக இருந்தால் அது நாதம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

எந்தச் சத்தத்துக்கு டாக்டரிடம் ஓட வேண்டும்?

ஒரு காதில் திடீரென்று கேட்கும் திறன் குறைந்து இரைச்சல் வந்தால் அன்றே. 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. முதல் சில நாட்களில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துதான் கேட்கும் திறனை மீட்க நல்ல வாய்ப்பு. நாடித்துடிப்போடு சேர்ந்து 'தப் தப்' என்று கேட்டால் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும். ஒரே காதில் மட்டும் நாள்பட்டுக் கேட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இரைச்சலோடு தலைசுற்றல், வாந்தி என்றாலும் காட்டுங்கள். காசநோய்க்கோ புற்றுநோய்க்கோ மருந்து எடுக்கும்போது இரைச்சல் தொடங்கினால், மருந்து எழுதியவரிடம் உடனே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

எப்போதாவது ஒரு காதில் 'கொய்ங்' என்று எழுந்து சில நொடிகளில் தேய்ந்து மறைவது எல்லாருக்கும் வருவதுதான். அதற்காக அலைய வேண்டாம்.

எத்தனை நாளில் பலிக்கும்?

சொல்ல முடியாது. அமுக்குவான் அடிக்கடி வரும் ஆளுக்குச் சீக்கிரம் வரலாம். தலை வைத்ததும் குறட்டை விடுகிற பாக்கியவானுக்கு வராமலே போகலாம். இரண்டு மூன்று மாதம் வாரம் ஒரு தடவை பார்த்தும் ஒன்றுமில்லை என்றால், விட்டுவிட்டு ஆறு மணிவரை தூங்குங்கள்.

ஃபேனைப் போட்டுக்கொண்டு செய்யலாமா? கொசு தாங்கவில்லை.

போடலாம், ஒன்றாம் நம்பரில். சத்தத்தின் கீழ்ப்பகுதி மூடிப்போகும், மேலே உள்ள மெலிந்த ரீங்காரம் அப்போதும் கேட்கும். அதுவும் முடியாதென்றால் கொசுவலை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று அள்ளிக்கொண்டு வரும் நாட்களில் சன்னலைச் சாத்திவிடுங்கள். கொசுவும் குறைவு, ஆனால் கதவிடுக்கில் விசில் அடிக்கும்.